நைட்ரஜனுக்கு ஐந்து வாக்கு

எங்கள் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் ஒருவர், மத்தியானம் வறுத்த மீன்மேல் தெளித்துக்கொள்ள வீட்டிலிருந்து வினிகர் கொண்டுவந்தார். அதை ஆய்வகத்துப் பாட்டில் ஒன்றில் ஊற்றி வைத்தார். பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. உள்ளே இருந்தது வினிகர்தான். அதைத்தான் தெளித்தார், சாப்பிட்டார், நன்றாகவே இருந்தார். ஆனால் அது வேறு ஏதாவதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விக்காகப் பதினாலு மாதம் விசாரணை நடந்தது. விசாரணையின் முடிவில் வேதிப்பொருள் அடையாள உறுதி அலுவலகம் பிறந்தது.

மூன்றாம் மாடி முழுவதும் அவர்களுக்கு. பதினொரு பேர். ஒருவரும் வேதியியல் படித்தவர் இல்லை. படித்திருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விளக்கினார்கள். தலைவி டாக்டர் பிலிப்பா காரவே. உல்லாசக் கப்பல் நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

நான் நெவில் ட்ரான்டர். கீழ்த்தளத்தில் வேதிப்பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக் கொடுப்பேன், மிச்சத்தைப் பூட்டி வைப்பேன். என்னைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

லித்தியா ரவூவூ ஃபிஜியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்தவள். சிட்னோன் என்ற பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் சிட்னி நகரத்தில்தான் அதை முதலில் செய்தார்கள், அதனால் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். நகரத்தில் பாதிப்பேருக்கு அது தெரியாது. ஐந்து மூலை வளையம். ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், இரண்டு கார்பன். வளையத்துக்கு வெளியே இன்னொரு ஆக்சிஜன் வால் மாதிரி தொங்கும். அவள் செய்த படிகங்கள் பாலாடை நிறத்தில், ஒரு தேக்கரண்டி அளவு, பாட்டிலின் அடியில் கிடந்தன. நாலு வருஷ உழைப்பு.

புதிய சட்டப்படி எந்தப் பாட்டிலும் பதிவேட்டில் ஏறாமல் கிடங்குக்குள் வரக்கூடாது. ஒரு நாள் காலையில் அவள் என் கணினியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். பெயர், எடை, நிறம் எல்லாம் போட்டாள். பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது: நேர் மின்சுமை எந்த அணுவில் உள்ளது? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

"எந்த அணுவிலயும் இல்ல"ன்னாள்.

"அப்ப 'இல்லை'ன்னு போடு."

"இல்லாம இல்ல நெவ். இருக்கு. ஆனா ஒரே எடத்துல இல்ல, பரவி இருக்கு. எதிர் மின்சுமையும் அப்படித்தான். இந்தப் பொருளோட விசேஷமே அதான். ஒரு அணு மேல கொண்டுபோய் வச்சு படம் வரையலாம், ஆனா அது அதோட உண்மையான படம் இல்ல."

எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வெளியே புல்தரையில் மாணவர் சங்கத்தார் நிதி திரட்ட சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெங்காயம் வதங்குற வாசனை வருதுல்ல? அது எந்த நாற்காலில உக்காந்திருக்கு, சொல்லுங்க."

"நாற்காலில எப்படி உக்காரும்?"

"அவ்வளவுதான் விஷயம். அடுப்புப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி, இங்க கொஞ்சம் கம்மி. ஆனா இந்த நாற்காலிதான்னு சொன்னா அது பொய்."

முதல் தடவையாக வேதியியல் எனக்குப் புரிந்தது. திரைக்குப் புரியவில்லை. சிவப்புக் கட்டம் போட்டு, ஒரு அணுவைத் தேர்ந்தெடுக்கும்படி மறுபடியும் கேட்டது.

நான் மூன்றாம் மாடிக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, என் பேரில் ஒரு அறிவுக் குறைபாடு இருப்பதாகப் பதிந்துகொண்டு, 'மின்சுமையோடு வாழ்தல்' என்ற அரை நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினாள். அங்கே தரையில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு சிவப்பு வட்டமும் நீல வட்டமும் கொடுத்து, உடம்பில் மின்சுமை எங்கே இருப்பதாக உணர்கிறோமோ அங்கே ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பயிற்சியாளர் அதை மிக நேர்மையான பதில் என்று பாராட்டினார். சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் பாட்டிலைப் பதிய முடியுமா என்று கேட்டேன். முடியாது, ஆனால் ஏன் முடியாது என்பதை இனிமேல் என்னால் நன்றாக விளக்க முடியும் என்றார்கள்.

அந்த வாரமே பாட்டிலைத் தனிமை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். 'இருப்பிடம் அறிவிக்காத பொருள்' என்று மஞ்சள் அட்டை தொங்கியது. அது வெளியே வராமல் லித்தியாவால் கடைசி அளவீடுகளை எடுக்க முடியாது. அளவீடு இல்லாமல் நாலாவது அத்தியாயம் இல்லை. ஜூன் முடிவில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். டிசம்பரில் விசா முடிகிறது.

அவளுடைய பேராசிரியர் மார்ச்பேங்க்ஸ் ஒரு வருஷ விடுப்பில் ஜெர்மனியில் உள்ள முனிக் போயிருந்தார். அவருக்கு எழுதினால், "நான் அலுவலகத்தில் இல்லை, உங்கள் கடிதம் எனக்கு முக்கியம்" என்று உடனே பதில் வரும். அவர் சொன்னதெல்லாம் அது ஒன்றுதான்.

பிறகு இதை முடிவுசெய்ய ஒரு குழு கூடியது. ஒன்பது பேர். சட்டத் துறையிலிருந்து ஒருவர், வண்டி நிறுத்துமிட நிர்வாகத்திலிருந்து ஒருவர், விளையாட்டு மைதானப் பொறுப்பாளர், இப்படி. தலைவி காரவே. சாட்சி என்ற முறையில் நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். லித்தியா படம் போட்டுக் காட்டி இருபது நிமிஷம் விளக்கினாள். வெங்காயத்தையும் சொன்னாள். அருமையாகச் சொன்னாள்.

காரவே எழுந்தார். "லித்தியா, உங்க ஆர்வத்த நாங்க மதிக்கிறோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு ஒரு விபத்து நடந்து, தீயணைப்புக்காரங்க வந்து, மின்சுமை எங்கன்னு கேட்டா, 'அங்கங்க இருக்கு'ன்னா சொல்லுவோம்? ஒரு பல்கலைக்கழகம் அப்படிப் பேசலாமா? எதுக்கும் ஒரு எடம் இருக்கணும். எடம் இல்லாத ஒண்ண நிர்வாகம் பண்ண முடியாது. நிர்வாகம் பண்ண முடியாத ஒண்ணு இருக்கக் கூடாது. இதுல ஒளிவு மறைவே கிடையாது."

"தீயணைப்புக்காரங்க அதக் கேக்க மாட்டாங்க"ன்னாள் லித்தியா.

"இதுவரைக்கும் கேக்கல. அது நம்ம அதிர்ஷ்டம்."

அதைச் சூடாக்கினால் மின்சுமை தானாக ஒரு பக்கம் ஒதுங்காதா என்று நிறுத்துமிடக்காரர் கேட்டார். அந்தப் பொருள் தன் இருப்பிடத்தை வெளியிட விரும்பாமல் இருக்கலாம், அதன் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்றார் சட்டத்துறைக்காரர். அது குறிப்பில் ஏறியது. கடைசியில், நேர் மின்சுமை எந்த அணுவில் என்று வாக்கெடுப்பு நடத்தலாம் என்று முடிவானது.

"ரெண்டு நைட்ரஜன் நின்னா ஓட்டு பிரிஞ்சிராதா?" மைதானப் பொறுப்பாளருக்கு உண்மையான கவலை.

"அதுக்குத்தானே நம்ம நாட்டுல விருப்ப வரிசை முறை வச்சிருக்கோம்"னார் காரவே.

ஆளுக்கொரு சீட்டு. முதல் சுற்றில் மூன்றாம் எண் நைட்ரஜனுக்கு நாலு, இரண்டாம் எண் நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு இரண்டு. கார்பன் வெளியேறியது. அதன் இரண்டு சீட்டில் ஒன்று மூன்றாம் எண்ணுக்குப் போனது, இன்னொன்றில் இரண்டாவது விருப்பம் எழுதவில்லை. ஆக நைட்ரஜன் மூன்று, ஐந்து வாக்கு பெற்று ஜெயித்தது. எதிர் மின்சுமையை வெளி ஆக்சிஜனுக்கு ஒருமனதாகக் கொடுத்தார்கள், அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. மார்ச்பேங்க்ஸின் தானியங்கிப் பதிலை 'ஆட்சேபம் இல்லை' என்று பதிந்தார்கள்.

"இனி நீங்க இத உறுதிமொழி பண்ணி ஏத்திட்டா போதும்"னார் காரவே.

லித்தியா புத்தகத்தை மூடினாள். "நீங்க ஓட்டுப் போட்டீங்க, சரி. என் பேர்ல நான் பொய் எழுத மாட்டேன். படிவத்த மாத்துங்க, இல்ல பாட்டில வச்சுக்குங்க." போய்விட்டாள். வாசலில் நின்று வணக்கமும் சொல்லிவிட்டுத்தான் போனாள், அவள் வளர்ப்பு அப்படி.

மறுநாள் காரவே கிடங்குக்கே வந்தார். மேல்மாடி நிர்வாகத்திலிருந்து கீழே வந்து என்னைப் பார்த்தவர் இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒருவர்தான். எனக்கு அதில் ஒரு பெருமை. சொல்லவே கூசுகிறது, ஆனால் பெருமைதான்.

"நெவ், அந்தப் பொண்ணு பாவம். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு கட்டம். ஒரு சொடுக்கு. பாட்டில் வெளிய வந்துரும், அவ படிப்ப முடிச்சுரலாம். எல்லாருக்கும் நல்லது. நான் எதுவும் செய்யச் சொல்லல, கவனிச்சுக்குங்க. சும்மா சூழ்நிலைய விவரிக்கிறேன்."

அந்த வியாழக்கிழமை லித்தியா காலையில் வந்து கரைப்பான் கேட்டு விண்ணப்பம் போட்டாள். அவசரமாகக் கிளம்பிப் போனவள் கணினியிலிருந்து வெளியேற மறந்துவிட்டாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குமேல் பார்க்கிறேன், திரையின் மூலையில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது. படிவத்தைத் திறந்தேன். நைட்ரஜன் மூன்று. ஆக்சிஜன் ஆறு, அதாவது வெளியே தொங்கும் அந்த வால். 'மேற்கண்டவை உண்மை என்று நான் உறுதி கூறுகிறேன்.' சொடுக்கினேன். சிவப்புக் கட்டம் பச்சையானது. அவளுக்கு ஒரு உதவி செய்துவிட்டதாக நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

"எப்படி விட்டாங்க?"

"யோசிச்சுப் பாத்திருப்பாங்க. நீ சொன்னது புரிஞ்சிருக்கும்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். புதன்கிழமை மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப் பாலும் போட்டு அவள் ஊர்க் கேக் செய்து கொண்டுவந்தாள். "நீங்க எனக்காகப் பேசிருப்பீங்கன்னு தெரியும்"னாள். நான் மறுக்கவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

ஆய்வேடு ஜூனில் போனது. ஆகஸ்டில் மூன்றாம் மாடியின் புதிய மென்பொருள் ஆய்வேடுகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஆய்வேட்டின் நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், மின்சுமையை எந்த ஒரு அணுவிலும் குறிப்பிட முடியாது என்று லித்தியா எழுதியிருந்தாள். பதிவேட்டிலோ அதே லித்தியா, நைட்ரஜன் மூன்றில் இருப்பதாக உறுதிமொழி கொடுத்திருந்தாள். இரண்டில் ஒன்று பொய். வாக்கெடுத்து முடிவு செய்த ஒன்று பொய்யாக முடியாது. ஆகவே ஆய்வேடு பொய்.

செப்டம்பரில் விசாரணை. நீள மேசை. ஒவ்வொருவர் முன்னும் ஒரு தண்ணீர்க் குவளை. பதிவான நாள், நேரம் எல்லாவற்றையும் படித்தார்கள்: வியாழக்கிழமை, பன்னிரண்டு பத்து.

"அத நான் போடல"ன்னாள் லித்தியா.

"உங்க பேர்ல இருக்கே. வேற யார் போட்டிருப்பாங்க?"

மடியிலிருந்த பையின்மேல் கை வைத்தாள். "தெரியாது."

என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பதிவு கிடங்குக் கணினியிலிருந்து, அவளுடைய கடவுச்சொல்லில் நுழைந்து ஏற்றியதுதானா? ஆமாம் என்றேன். வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறேனா? எழுந்து நின்றேன். எழுந்திருக்கத் தேவை இருக்கவில்லை, சாட்சிகள் உட்கார்ந்தே பேசலாம். காரவே என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். "இல்ல"ன்னு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தீர்ப்பில் காரவே பேசியதை அலுவலகச் செய்திமடலில் போட்டார்கள். "இது தண்டனை இல்ல. இது ஒரு வளர்ச்சிப் பயணம். லித்தியாவோட நேர்மைய நாங்க சந்தேகிக்கல, அவங்க நேர்மை நம்ம பதிவேட்டோட ஒத்துப் போகலன்னுதான் சொல்றோம்." நாலாவது அத்தியாயத்தை நீக்கினார்கள். அது இல்லாத ஆய்வேடு முனைவர் பட்டத்துக்குப் போதாது என்று முதுகலைப் பட்டம் கொடுத்தார்கள். டிசம்பருக்குமுன்பே அவள் ஃபிஜியில் தன் ஊரான சூவாவுக்குத் திரும்பிவிட்டாள். கிடங்குக்கு வந்து சாவியை ஒப்படைத்தாள். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் மழையைப்பற்றிப் பேசினோம்.

அடுத்த மார்ச்சில் எனக்கு விருது கொடுத்தார்கள். 'இணக்கப் பண்பாட்டுத் தூதர்.' காலைத் தேநீர் விருந்து, தட்டு நிறைய லாமிங்டன் கேக், கண்ணாடியில் ஒரு கோப்பை. பிரச்சினைகளைப் பெரிதாக்காமல் தீர்த்துவைக்கும் அமைதியான மனிதர் என்றார் காரவே. எல்லாரும் கைதட்டினார்கள். லாமிங்டனின் தேங்காய்த் துருவல் தொண்டையில் சிக்கி எனக்கு இருமல் வந்தது. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அன்றைக்கே லித்தியாவின் மின்னஞ்சல் வந்தது. சூவாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நாலு வருஷம் அவள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பேராசிரியருக்கு எழுதினால் தானியங்கிப் பதில்தான் வருகிறது. "முடியுமா நெவ்?" அவ்வளவுதான்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். காரவேயின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்தப் பதிவ நான்தான் போட்டேன். லித்தியா இல்ல."

அவர் அதிர்ச்சியடையவில்லை. நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க நெவ். இதச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும். ஆனா நீங்க உங்களையே தனியா குத்தம் சொல்றது எனக்குக் கவலையா இருக்கு. நம்ம நிறுவனத்துல பொறுப்ப ஒரு ஆள் தலைமேல வைக்கிற பழக்கமே கிடையாது. அது பழைய காலம். பொறுப்பு எல்லார்ட்டயும் இருக்கு. அமைப்புல இருக்கு, நடைமுறைல இருக்கு, கொஞ்சம் உங்ககிட்ட, கொஞ்சம் என்கிட்ட. இங்கதான் இருக்குன்னு விரல் நீட்டிக் காட்ட முடியாது."

"நான் காட்டுறேனே. இதோ, இங்க."

"அது உங்க உணர்வு. அத மதிக்கிறேன்."

"பதிவ மாத்துங்க. அவளுக்குப் பட்டத்தக் கொடுங்க."

"உறுதிமொழிய, கொடுத்தவங்கதான் திரும்பப் பெற முடியும். அது லித்தியா. அவங்க இப்ப மாணவி இல்ல, அதனால உள்ள நுழைய முடியாது." இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். "மன நல ஆலோசகர். ஆறு சந்திப்பு இலவசம்."

அட்டையை வாங்கிக்கொண்டேன். நன்றி வேறு சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் பக்கத்தில் தகரக் கூரைமேல் மழை சத்தம், யாரோ சேவலை விரட்டும் சத்தம். நலம் விசாரித்தாள். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம்.

"லித்தியா, அந்த நைட்ரஜன் மூணு. அது நான் போட்டது. உன் கணக்கு தொறந்து கெடந்துச்சு. நான்தான்."

அவள் எங்கோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தெரியும் நெவ்."

"எப்படி?"

"வியாழக்கிழம பன்னிரண்டு பத்துன்னு படிச்சாங்கல்ல. அப்ப நான் பல் டாக்டர் நாற்காலில வாயத் தொறந்துட்டுக் கெடந்தேன். கிடங்குல உங்களத் தவிர யார் இருப்பா?"

"அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

"டாக்டர் சீட்டு பையிலயே இருந்துச்சு. எடுக்கப் போனேன். அதுக்குள்ள உங்களக் கூப்ட்டாங்க. நீங்க எழுந்து நின்னீங்க. சரி, இவரே சொல்லப் போறாரு, நாம ஏன் முந்திக்கணும்னு விட்டேன். நீங்க தண்ணி குடிச்சீங்க."

"அதுக்கப்புறமாவது..."

"அதுக்கப்புறம் எனக்கு எதுவும் சொல்லத் தோணல. யார் போட்டதுன்னு கேட்டப்போ தெரியாதுன்னேன்ல? அந்த ரூம்ல நான் சொன்ன ஒரே பொய் அதான். உங்களுக்காகச் சொன்னது." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கடிதம் தருவீங்களா? ஏன் முனைவர் பட்டம் வரலன்னு பிரின்சிபால் கேப்பாங்க. அதையும் எழுதிருங்க."

அன்று முழுக்க சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தாளில் 'தவறான பதிவு ஒன்று ஏற்பட்டுவிட்டது' என்று வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் 'அவர் பெயரில் பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. பட்டது, பட்டது என்று வரிக்கு வரி விழுந்தது. செய்தவன் யார் என்று அந்தத் தாளைப் படிக்கிறவருக்குக் கடைசிவரை தெரியாது. மூன்றாவதில் 'சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கினேன். இருபத்தாறு வருஷம் நானும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்திருக்கிறேன். என் கைக்கும் அந்த மொழிதான் வந்தது. ஏழாவது தாளில்தான் 'நான்' என்று தொடங்க முடிந்தது. நான் அவள் பெயரில் பொய் எழுதினேன், நான் அதை மறைத்தேன், அவள் பட்டம் போனது என்னால். கீழே கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலைப் பல்கலைக்கழக வேந்தருக்கும், ஒன்றை அவள் ஆய்வேட்டின் தேர்வாளர்களுக்கும், ஒன்றை முனிக்குக்கும் அனுப்பினேன். வேந்தர் அலுவலகம் அதை உரிய நடவடிக்கைக்காகக் காரவேக்கு அனுப்பி வைத்தது. முனிக்கிலிருந்து, என் கடிதம் அவருக்கு முக்கியம் என்று பதில் வந்தது.

மூன்று வாரம் கழித்துப் பள்ளியின் பிரின்சிபால் இரண்டு வரி எழுதினார். கடிதம் கிடைத்தது, மிஸ் ரவூவூவை வேலையில் சேர்த்துக்கொண்டோம். அதற்குக் கீழே, கையால், இன்னொரு வரி: "உங்களைப்பற்றி அவரிடம் கேட்டேன். நல்ல மனிதர் என்றார்."

அந்த வரியைத்தான் என்னால் இன்னும் முழுதாக வாசிக்க முடியவில்லை.